ஒரு கைத் தண்ணீர்

(யூபிலி விழாவையொட்டிச் செம்மேட்டில் பங்கு மக்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "பங்கின் வரலாற்றைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டுக் கொண்டார்கள். வரலாற்றைச் சொல்ல என்னைவிட மூத்தவர்கள் இந்தப் பந்தலிலேயே இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பங்கிலும் அதன் வரலாற்றைச் சொல்லும் புத்தகம் ஒன்று உண்டு. அதுதான் ஞானஸ்நானப் பதிவேடு. கோயில் கட்டுவதற்கு முன்பே அது தொடங்கிவிடும். ஓலைக் கொட்டகையில் பூசை நடந்த காலத்திலும் அதில் பெயர்கள் ஏறும். ஒருவர் உறுதிபூசுதல் பெற்றால் அதில் குறிக்க வேண்டும். திருமணம் செய்தால் குறிக்க வேண்டும். குருப்பட்டம் பெற்றாலும் குறிக்க வேண்டும். ஒரு கிறிஸ்தவனுடைய வாழ்வு முழுவதும் அந்த ஒரு வரியின் ஓரத்தில் அடங்கிவிடுகிறது. ஆகவே அந்த வரியைப் பற்றியே பேசலாம் என்று எண்ணினேன்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விழா வேலையாக வீடு வீடாகப் போய்க் கொண்டிருந்தபோது ஓர் ஆயா என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, சாமைக் கஞ்சி கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "அய்யா, எனக்கு மொதப் புள்ள பொறந்து எட்டாம் நாளு போயிருச்சு. சாமியார் வர்றதுக்குள்ள போயிருச்சு. ஞானஸ்நானம் கொடுக்கல. அது எங்கய்யா இருக்கும்?" ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லையாம். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. தொண்டை அடைத்துக் கொண்டது. இன்று சொல்லப் பார்க்கிறேன். ஆனால் அதற்கு முன் சொல்ல வேண்டியவை சில உள்ளன. பொறுத்துக் கொள்ளுங்கள்.

ஞானஸ்நானம் என்றும் திருமுழுக்கு என்றும் இரண்டு சொற்கள் நம்மிடம் புழங்குகின்றன. பெரியவர்கள் முதலாவதைச் சொல்கிறார்கள். மறைக்கல்வி படிக்கும் பிள்ளைகள் இரண்டாவதைச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். எனக்கு நாக்கில் வருவது பழைய சொல். அதனால் அதையே சொல்கிறேன்.

ஞானஸ்நானத்துக்கு என்ன வேண்டும்? நம் வீடுகளில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்: புதுத்துணி வேண்டும், தங்கச் சங்கிலி போடும் ஞானத்தகப்பன் வேண்டும், பந்தல் வேண்டும், ஐம்பது பேருக்காவது பிரியாணி வேண்டும். இவையெல்லாம் கூடிவரும் வரையில் பிள்ளை காத்திருக்கிறது. மிளகு விற்ற காசு வரட்டும் என்று மாசி வரை காத்திருக்கிறது. பிறகு திருப்பூருக்கு வேலைக்குப் போன சித்தப்பா வரட்டும் என்று பொங்கல் வரை காத்திருக்கிறது. நடந்து, ஓடி, பலகாரம் கேட்டு அழும் வயதில் கோயிலுக்கு வரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. வட்டிக்கு வாங்கி விருந்து வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு முழுவதும் கடனுக்கு உழைத்த தகப்பனையும் பார்த்திருக்கிறேன்.

திருச்சபை கேட்பது என்ன? தண்ணீர், வார்த்தை, திருச்சபை செய்வதைச் செய்ய வேண்டும் என்ற கருத்து. இவ்வளவுதான். பிள்ளை பிறந்த முதல் சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் கவலை எடுக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. விருந்தைப் பற்றி அது ஒரு வரியும் சொல்லவில்லை.

தண்ணீர் என்றால் உண்மையான தண்ணீர். ஊற்றுத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எல்லாம் சரி. இளநீர் கூடாது, பால் கூடாது. சிரிக்காதீர்கள். 1241ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் தண்ணீர் கிடைக்காமல் பிள்ளைகளுக்குச் சாராய வகையைச் சேர்ந்த பீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்ததாகப் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியாருக்குக் கேள்வி போயிற்று. அது செல்லாது என்று அவர் பதில் எழுதினார். நம் ஆகாய கங்கை அருவியின் தண்ணீர் செல்லும். கடையில் வாங்கும் பாட்டில் தண்ணீரும் செல்லும்.

வார்த்தையும் அவ்வளவு முக்கியம். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." 'நான்' என்பதை மாற்றி 'நாங்கள்' என்று சொல்லிப் பல ஆண்டுகள் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள் சில நாடுகளில். குடும்பம் முழுவதும் சேர்ந்து கொடுப்பதுபோல் அழகாக இருக்கும் என்று நினைத்தார்கள். அது செல்லாது என்று 2020இல் உரோமை அறிவித்தது. அமெரிக்காவில் ஒரு மறைமாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மறுபடி தண்ணீரடியில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. ஏன் இந்தக் கண்டிப்பு என்று நீங்கள் கேட்கலாம். ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்து. குரு தன் கையையும் நாவையும் அவருக்குக் கொடுக்கிறார். கூட்டமாகத் தீர்மானம் போட்டு ஒரு பிள்ளையைச் சங்கத்தில் சேர்ப்பது போன்ற காரியமல்ல அது.

யார் கொடுக்கலாம்? சாதாரண வேளைகளில் ஆயரும் குருவும் தியாக்கோனும். உயிருக்கு ஆபத்து என்றால் யாரும் கொடுக்கலாம். உபதேசியார் கொடுக்கலாம், மருத்துவச்சி கொடுக்கலாம், பெற்ற தகப்பனே கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்ய வேண்டும் என்று மனத்தில் எண்ணினால், ஞானஸ்நானம் பெறாத இந்துச் சகோதரி ஒருவர் கொடுத்தாலும் செல்லும். மலையில் வாழும் நமக்கு இது ஏட்டுச் சட்டமல்ல என்பதை ஒரு நிகழ்ச்சியால் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் ஒரு வீட்டில் ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. ஜீப் பிடித்துக் காரவள்ளிக்கு இறங்குகிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள். கல்லும் மண்ணும் சரிந்து கிடக்கிற பாதை. பாதி வழியில் பிள்ளைக்கு மூச்சுத் திணறி உடம்பு நீலம் பாய்ந்தது. தாய் அழுகிறாள், ஓட்டுநர் கையைப் பிசைகிறார். பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையின் பெரியம்மா மட்டும் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கையில் ஊற்றி, மூன்று முறை தலையில் வழியவிட்டு, வார்த்தையைச் சொன்னார். முதல் நற்கருணைக்குப் படித்த காலத்தில் மனப்பாடம் செய்தது, முப்பது ஆண்டுகள் கழித்து உதவியது.

பிள்ளை பிழைத்துக் கொண்டது. இன்று பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. உடம்பு தேறியபின் தாத்தா வந்து, "சாமி, இப்ப முறையா ஞானஸ்நானம் கொடுத்திருங்க" என்றார். "கொடுத்தாயிற்றே!" என்றார் பங்குத் தந்தை. "ஜீப்புல கொடுத்தது எப்படிச் சாமி கோயில்ல கொடுத்ததுக்குச் சமமாகும்?" என்று தாத்தாவுக்குக் கோபம். "தண்ணீர் ஒன்று, வார்த்தை ஒன்று, கொடுத்தவர் ஒருவர். எனக்கு அதற்குமேல் செய்ய அதிகாரமில்லை" என்று பங்குத் தந்தை மறுத்துவிட்டார். பிறகு பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுவரச் சொல்லி, பரிசுத்த தைலம் பூசி, வெள்ளாடை அணிவித்து, எரியும் மெழுகுதிரி கொடுத்து, விடுபட்டிருந்த சடங்குகளை நிறைவேற்றினார். பதிவேட்டில் நாள் எழுதும்போது கோயிலுக்கு வந்த நாளை எழுதவில்லை. ஜீப்பில் இறங்கிய நாளை எழுதினார். தாத்தாவுக்கு அப்போதுதான் மனம் ஆறிற்று.

இதற்கு நேர் எதிராகவும் நடப்பதுண்டு. பதற்றத்தில் தீர்த்தத்தைத் தெளித்து, அருள் நிறைந்த மந்திரத்தைச் சொல்லி, ஞானஸ்நானம் ஆகிவிட்டது என்று எண்ணிவிடுகிறவர்கள் உண்டு. அது பக்தியான ஜெபம், ஞானஸ்நானம் ஆகாது. தண்ணீர் தலையில் ஓட வேண்டும். ஊற்றுகிறவரே வார்த்தையைச் சொல்ல வேண்டும். என்ன நடந்தது என்று தீர விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால் மாத்திரம், 'நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு குரு மீண்டும் கொடுப்பார். ஆகவே அவசரத்தில் கொடுத்தவர்கள் யாராயிருந்தாலும் உடனே பங்குத் தந்தையிடம் வந்து நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள்.

இனி, முழுகிக் கொடுப்பதா, ஊற்றிக் கொடுப்பதா என்ற பேச்சு இந்த மலையில் அடிக்கடி எழுகிறது. எழுவதற்குக் காரணமும் உண்டு. இங்கே சுவிசேஷம் பரவியதில் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட், அவருடைய மனைவி எவலின் ஆகியோருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் 1929இல் காய்ச்சல் கண்டு இந்த மலையிலேயே இறந்தார். அந்த அம்மையார் முதுமையிலும் மலைகளை விட்டுப் போக மனமில்லாமல் உழைத்து, 1974இல் காலமானார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அவர்களுடைய மகன். இந்த மலையில் ஓடி விளையாடி வளர்ந்தவர். அவர்களுடைய சபையில் வயது வந்து விசுவாசத்தை அறிக்கையிட்டவர்களுக்கே, தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். நாம் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம். பெரும்பாலும் தலையில் ஊற்றுகிறோம். முழுக்குவதும் நம் சட்டப்படி செல்லும். ஆதித் திருச்சபையின் போதனை நூலாகிய திதாக்கே, ஓடும் தண்ணீர் சிறந்தது, அது இல்லாவிட்டால் தலையில் மும்முறை ஊற்றலாம் என்று அந்தக் காலத்திலேயே வழி சொல்லியிருக்கிறது.

அந்தச் சபையிலிருந்து ஒரு பெண் நம் வீட்டுக்கு மருமகளாக வந்தால், அவளுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுங்கள் என்று கேட்கக் கூடாது. தண்ணீரும் மூவொரு கடவுளின் பெயரும் இருந்தால் அவள் ஞானஸ்நானம் பெற்றவள்தான். அதேபோல், "குழந்தையில் வாங்கியது செல்லாது, வா, ஆற்றில் முழுகு" என்று யாராவது நம் இளைஞரை அழைத்தால் போகக் கூடாது. ஒருவன் ஒருமுறைதான் பிறக்கிறான். மூன்றாம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கு எழுந்து, மறு ஞானஸ்நானம் கூடாது என்று பாப்பரசர் ஸ்தேவான் உறுதியாக நின்றார்.

சடங்குகளைப் பற்றி இன்னொரு பழைய வழக்கையும் சொல்ல வேண்டும். அது நம் மலையடிவாரம்வரை வந்த ஒருவரோடு தொடர்புடையது. தத்துவபோதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையை விட்டு வடக்கே நடந்து, நமது சேந்தமங்கலத்துக்கு வந்து, அதன்பின் சேலம் சென்றார். காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்ற இத்தாலியர் அவர். சேலம் நாயக்கரின் குடும்பத்தில் அரசுரிமை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் அவரிடம் பாடம் கேட்டு 1625இல் ஞானஸ்நானம் பெற்றார். கேட்டவுடன் கொடுத்துவிடுகிறவர் அல்லர் தத்துவபோதகர். உட்கார்ந்து வாதிடுவார், நாள் கணக்கில் விளக்குவார், சம்மதம் அறிவில் பிறந்து மனத்தில் இறங்கும்வரை காத்திருப்பார்.

அவருக்குப் பின்வந்தவர்கள் காலத்தில் பெரிய சர்ச்சை மூண்டது. அக்காலச் சடங்கில் குரு தம் எச்சிலைத் தொட்டுப் பிள்ளையின் காதிலும் மூக்கிலும் வைப்பார்; நாவில் உப்பு வைப்பார்; முகத்தில் ஊதுவார். எச்சில் பட்டால் தீட்டு என்று எண்ணும் நாட்டில் இது எப்படி இருந்திருக்கும்! ஆகவே மிஷனரிகள் அவற்றை விட்டுவிட்டார்கள். உரோமையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தெ துர்னோன், விடக்கூடாது என்று 1704இல் கட்டளையிட்டார். பிள்ளைக்குப் புனிதர் பட்டியலிலுள்ள பெயரையே இட வேண்டும் என்றும் சொன்னார். அதே கட்டளையில் இன்னொன்றும் இருந்தது: தாழ்த்தப்பட்டவர்களின் குடிசைக்குள் போய் நோயாளிகளுக்குத் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும் என்பது. எச்சிலைப் பற்றி அவர் பிடித்த பிடி நமக்கு இன்று வீணாகத் தோன்றலாம். குடிசையைப் பற்றிச் சொன்னது வீணல்ல. வழக்கு 1744வரை நீண்டு பதினான்காம் ஆசீர்வாதப்பரின் ஆணையில் முடிந்தது. அப்புறம் என்ன ஆயிற்று? 1969இல் வெளிவந்த குழந்தைகளின் ஞானஸ்நானப் புதிய சடங்கில் உப்பு இல்லை, ஊதுதல் இல்லை, எச்சிலும் இல்லை. செவியையும் வாயையும் விரலால் தொடுவது மட்டும், விரும்பினால் செய்யலாம் என்று நிற்கிறது. நம் முன்னோர் ஒரு நூற்றாண்டு சண்டையிட்டவை போய்விட்டன. தண்ணீரும் வார்த்தையும் அப்படியே இருக்கின்றன.

பெயரைப் பற்றியும் சட்டம் இப்போது சொல்வது எளிது: கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது, அவ்வளவே. அன்பழகன் என்றோ மலர்விழி என்றோ தாராளமாக இடலாம். நீலகண்டபிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது லாசரு என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று கொண்டார். 2022இல் அந்தத் தமிழ்ப் பெயரே புனிதர் வரிசையில் ஏறிவிட்டது. அவருடைய ஞானஸ்நானத்துக்கும் அவர் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டு வேதசாட்சியானதற்கும் இடையே முழுதாக ஏழு ஆண்டுகள்கூட இல்லை. அந்த ஒரு வரியின் ஓரத்தில் அப்படியும் ஒரு குறிப்பு எழுதப்படலாம்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, 'ஞானஸ்நானம் இவ்வளவு எளிதா?' என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தண்ணீர் ஊற்றுவது எளிதுதான். ஊற்றியபின் வருவதுதான் கடினம். இதை முதலில் உணர்ந்து தவித்தவர் நம் சவேரியார்.

அர்ச்சியசிஷ்ட சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அங்கே பரதவ மக்கள் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஊர் ஊராக ஆயிரக்கணக்கில் பெற்றிருந்தார்கள். கடலில் தங்களுக்கு இருந்த ஆபத்துக்குப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்புத் தேவைப்பட்டது, கேட்டார்கள், அதோடு ஞானஸ்நானமும் வந்தது. 'உங்கள் விசுவாசம் என்ன?' என்று அவர் கேட்டால், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் சொல்ல அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவர் கடிதத்தில் எழுதினார். குற்றம் அந்த மக்களுடையதா? அவர்களுடைய மொழியில் அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர் என்ன செய்தார்? யாருடைய ஞானஸ்நானத்தையும் செல்லாது என்று சொல்லவில்லை. துணைக்கு ஆட்களை வைத்துக்கொண்டு, தமக்குச் சரியாக வராத தமிழில் சிலுவை அடையாளத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தார். கையில் மணி ஆட்டிக் கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். 'வீட்டுக்குப் போய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள்' என்று அனுப்பினார். ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளை என்று ஒருவரை அமர்த்தி, ஜெபம் சொல்லிக் கொடுக்கவும், ஆபத்தில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் பழக்கினார். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்த்துக்கல் ராணியின் காலணிச் செலவுக்கென்று அந்தக் கரையிலிருந்து போய்க் கொண்டிருந்த 4,000 பணத்தை அவர் கேட்டு வாங்கினார். நம் உபதேசியார்களின் முன்னோர்கள் ராணியின் செருப்புக் காசில் உண்டவர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் காசு அதைவிட நல்ல காரியத்துக்குப் போயிருக்க முடியாது.

ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தம் கை சோர்ந்து போகிறது என்று சவேரியார் எழுதியதை எல்லாரும் எடுத்துச் சொல்கிறோம். அந்தக் கையில் மணி இருந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை.

இந்த மணியை இன்று யார் பிடிக்க வேண்டும்? ஞானத்தகப்பனும் ஞானத்தாயும். அதற்கும் முன்னால் பெற்ற தாய் தகப்பன். பிள்ளை பேசாது, அதற்காக நாம் பேசுகிறோம். 'பசாசை விட்டுவிடுகிறாயா?' என்று குரு கேட்கும்போது, 'விட்டுவிடுகிறேன்' என்று அங்கே நின்று சொல்கிறவர்கள் யார்? நம் ஊரில் பல முறை, சங்கிலி போட வசதியுள்ளவர்கள், அரசியலில் உதவக் கூடியவர்கள், கடன் கொடுத்தவர்கள். கோயிலுக்கு வந்து எத்தனை ஆண்டாயிற்று என்று அவர்களைக் கேட்டால் அவர்களுக்கே நினைவிராது. சட்டப்படி ஞானப்பெற்றோர் 16 வயது நிறைந்தவராக, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக, விசுவாசத்துக்கு ஏற்ப நடக்கிறவராக இருக்க வேண்டும். பெற்றவர்கள் ஞானப்பெற்றோர் ஆக முடியாது. ஒருவர் இருந்தாலே போதும். இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பிற சபைக் கிறிஸ்தவர் ஒருவர் உங்கள் உற்ற நண்பரானால், கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சாட்சியாக நிற்கலாம்.

ஏழையானாலும், சனிக்கிழமை மாலை பிள்ளையைக் கைப்பிடித்து மறைக்கல்விக்கு அழைத்து வரும் அத்தை ஒருத்தி இருந்தால் அவளை நிறுத்துங்கள். அந்த ஜீப்பில் போன பெரியம்மாவைத்தான் பிறகு ஞானத்தாயாகவும் வைத்தார்கள். சங்கிலி போட அவரிடம் ஒன்றுமில்லை. பிள்ளைக்குச் சிலுவை போடக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான்.

பெற்றோருக்கு விசுவாசமே இல்லை, பிள்ளையை அப்படி வளர்க்கும் நம்பிக்கையும் இல்லை என்றால் குரு ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்கலாம். 1980இல் உரோமை கொடுத்த அறிவுரையும் இதைச் சொல்கிறது. தள்ளிவைப்பது மறுப்பதாகாது. ஆனால் அந்த அதிகாரத்தை வரிப் பாக்கி வசூலிக்கப் பயன்படுத்தக் கூடாது. பங்கு வரி கட்டாத வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது தவறு. இதை நம் பங்குப் பேரவையினரும் கேட்டுக் கொண்டிருப்பதால் சற்று உரக்கவே சொல்கிறேன்.

பெரியவர்கள் ஞானஸ்நானம் பெறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. வயது வந்தவர் தாமே விரும்பிக் கேட்க வேண்டும். போதிய காலம் படிக்க வேண்டும். ஆசை காட்டுவதோ அழுத்துவதோ நம் சட்டத்திலேயே தவறு. சிலர் மனத்தில் விரும்பியும், சாதிச் சான்றிதழ் போய்விடுமோ என்று அஞ்சுகிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். பட்டியல் சாதியினருக்கு 1950ஆம் ஆண்டின் ஆணையில் மத நிபந்தனை இருக்கிறது. கிறிஸ்தவரான தலித் மக்கள் அதனால் இழந்ததை இன்றும் கேட்டுப் போராடுகிறார்கள். பழங்குடியினர் பட்டியலில் அந்த நிபந்தனை இல்லை. மதம் மாறிய ஒரே காரணத்தால் பழங்குடி நிலை போய்விடாது என்று உச்ச நீதிமன்றமும் 2004இல் கூறியிருக்கிறது. இனத்தோடும் அதன் வழக்கங்களோடும் உள்ள தொடர்பைத்தான் அது பார்க்கச் சொல்கிறது. ஆகவே மலையாளி இனத்தவர் பயந்து பெயரை மறைக்க வேண்டியதில்லை.

இப்போது ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் அங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகள் 'லிம்போ' என்ற ஓரிடத்தில், துன்பமில்லாமல், ஆனால் கடவுளைக் காணாமல் இருப்பார்கள் என்று முற்காலத்தில் கற்பித்தார்கள். பழைய சிறு குறிப்பிடத்தைப் படித்த நம் பெரியவர்கள் அதைக் கேட்டிருப்பார்கள். அதோடு நிற்கவில்லை. சில ஊர்களில் அந்தப் பிள்ளைகளை மந்திரித்த கல்லறையில் புதைக்கவிடாமல், வேலிக்கு வெளியே ஒரு மூலையில் புதைத்தார்கள். பூசை கிடையாது, மணி கிடையாது. தகப்பன் விடியுமுன் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவான். தாய் கட்டிலை விட்டு எழுந்து பார்க்கும்போது மேடுகூட இருக்காது.

லிம்போ என்பது வேதசாஸ்திரிகள் சொன்ன ஒரு கருத்து. திருச்சபை அதை விசுவாச சத்தியமாக ஒருபோதும் வரையறுத்ததில்லை. 1992இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007இல், பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பரின் சம்மதத்தோடு, உலக இறையியல் குழு இதைப் பற்றித் தனியாக ஓர் ஆவணமே வெளியிட்டது. அந்தக் குழந்தைகள் மீட்படைந்து இறைவனைக் காண்பார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று அதில் காட்டியிருக்கிறார்கள். ஞானஸ்நானம் தேவையில்லை என்று அதற்குப் பொருள் அல்ல. ஆண்டவர் நம்மைத் தண்ணீரில் கட்டியிருக்கிறார். தம்மைக் கட்டிப்போட்டுக் கொள்ளவில்லை. ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளுக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்? டிசம்பர் 28இல் அவர்களுக்குத் திருநாள் கொண்டாடுகிறோம்.

ஆயா, உங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டீர்கள். சாமியார் வரும் வழியைப் பார்த்துக் கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு மலையில் சாலை சரியில்லை; அது உங்கள் பாவம் அல்ல. தண்ணீரை எடுத்து நீங்களே ஊற்றலாம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை; அதுவும் உங்கள் பாவம் அல்ல. அது எங்களைப் போன்றவர்கள் செய்யத் தவறிய வேலை. இன்று அப்படிப் பெற்றோர் ஆசைப்பட்டும் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளைக்கு, ஆயரின் அனுமதியோடு கோயிலிலேயே அடக்கச் சடங்கு நடத்தலாம் என்று சட்டம் இருக்கிறது.

இரண்டு காரியங்களை நான் பங்குத் தந்தையிடம் கேட்டேன். ஒன்று, திருமணத் தயாரிப்புக்கு வரும் ஒவ்வொரு ஜோடியும் அவசர ஞானஸ்நானம் கொடுக்கும் முறையை வாயால் சொல்லி, கையால் செய்து காட்டிய பிறகே ஓலை வாசிக்க வேண்டும் என்பது. ஒரு பொம்மையும் ஒரு சொம்புத் தண்ணீரும் போதும். மற்றொன்று, வருகிற நவம்பர் 2ஆம் நாள் கல்லறை மந்திரிக்கும்போது, வேலிக்கு வெளியே உள்ள அந்த மூலைக்கும் வர வேண்டும் என்பது.

இரண்டுக்கும் சரி என்றிருக்கிறார்கள். அந்த மூலையில் இப்போது உண்ணிச் செடி மண்டிக் கிடக்கிறது. முந்தின சனிக்கிழமை காலையில் இளைஞர்கள் அரிவாளோடு வந்துவிடுங்கள். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று ஆயா காட்டுவார்.